உரோமை தந்த ஒரு சொல்

நம் இளைஞர் நாவில் இன்று ஓயாது புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'ரொமான்ஸ்' ஒன்று. திரைப்படச் சுவரொட்டியில் அது இருக்கின்றது. கல்லூரி வாசலில் இருக்கின்றது. மணமக்களை முத்துநகர் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, "கொஞ்சம் ரொமான்டிக்காக நில்லுங்கள்" என்று கேட்கும் ஒளிப்படக்காரரின் வாயிலும் இருக்கின்றது. தமிழில் அதற்கு என்ன பொருள் என்று வினவினால், 'காதல்' என்று எல்லாரும் உடனே விடை கூறுவர். அவ்விடை தவறன்று. எனினும் அச்சொல் பிறந்த இடத்தையும் வளர்ந்த வழியையும் தேடிப் போனால், அது நம்மை உரோமை நகருக்கும், அங்கிருந்து சுற்றி வளைத்து நம் புன்னைக்காயலுக்கும் அழைத்துச் செல்கின்றது. அவ்வழியே வாசக அன்பர்களோடு சற்று நடந்து பார்க்க விரும்புகின்றோம்.

இதை எழுதும் நாங்கள் இருவர், கணவனும் மனைவியும். ஒருவர் துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மற்றவர் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். பங்கில் திருமணத் தயாரிப்பு வகுப்பு நடக்கும்போதெல்லாம் பங்குத்தந்தைக்கு உதவியாகச் சென்று வருகின்றோம். மொழி ஆராய்ச்சி எங்கள் தொழில் அன்று. ஆயினும், ஒரு சொல்லை அரைகுறையாகப் புரிந்துகொண்டால் ஒரு வாழ்வே தடுமாறக்கூடும் என்பதை அவ்வகுப்புகளில் கண்டிருக்கின்றோம். ஆகவேதான் இச்சொல்லின் மேல் எங்களுக்கு இத்துணை அக்கறை.

மக்களின் பேச்சு

'ரொமான்ஸ்' என்னும் சொல்லின் வேர் 'உரோமை' என்பதே. உரோமையன் என்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'ரோமானுஸ்'. அதன் வழியே 'ரோமானிக்கே' என்றொரு சொல் தோன்றியது. 'உரோமையர் பேசும் முறையில்' என்பது அதன் பொருள். பேரரசு சரிந்த பின்னர், கற்றோர் எழுதிய இலத்தீன் ஒன்றாகவும், வயலிலும் சந்தையிலும் மக்கள் பேசிய இலத்தீன் வேறொன்றாகவும் பிரிந்து போயின. 'இலத்தீன்' என்ற பெயரை ஏட்டுமொழி தனக்கென வைத்துக்கொண்டது. பேச்சுமொழிக்கு 'ரோமானிக்கே' என்ற பெயர் வாய்த்தது. பழைய பிரெஞ்சு மொழியில் அது 'ரொமான்ஸ்' எனத் திரிந்தது.

ஆக, முதற்பொருளில் ரொமான்ஸ் என்பது காதலும் அன்று, கதையும் அன்று. அது பாமர மக்களின் தாய்மொழி. 813ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுத் தூர் நகரில் கூடிய ஆயர் மன்றம், மறையுரைகளை மக்கள் எளிதில் விளங்கிக்கொள்ளுமாறு நாட்டுப்புற உரோமைப் பேச்சிலோ செருமானியப் பேச்சிலோ மொழிபெயர்த்து வழங்கவேண்டும் என்று பணித்தது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்துவிட்டதை நாம் அறிவோம். அதற்குச் சரியாக 1150 ஆண்டுகளுக்கு முன்பே, மக்களின் மொழியில் பேசுங்கள் என்று திருச்சபை தன் மேய்ப்பர்களிடம் சொல்லியிருக்கின்றது. அந்த 'மக்களின் மொழி'க்கு ஒரு பெயர்தான் ரொமான்ஸ்.

பின்னர் 12ஆம் நூற்றாண்டில், இலத்தீனில் எழுதாமல் மக்களின் பேச்சிலேயே பெருங்கதைகளைப் பாடும் புலவர்கள் பிரான்சில் தோன்றினர். கிரெத்தியான் தெ த்ருவா அவர்களுள் தலையாயவர். ஆர்தர் அரசனும் அவனுடைய வீரர்களும், காடும் கோட்டையும், மந்திரமும் போரும் அக்கதைகளின் பொருள். 'ரொமான்ஸ் மொழியில் எழுதிய கதை' என்று நீட்டிச் சொல்வதை விட்டு, மக்கள் அக்கதையையே 'ரொமான்ஸ்' என்றழைக்கத் தொடங்கினர். மொழியின் பெயர் கதையின் பெயராயிற்று. அக்கதைகளில் ஒவ்வொரு வீரனும் ஒரு சீமாட்டிக்காகத் தன் வாளை ஏந்தினான். எனவே கதையின் பெயர் மெல்ல மெல்ல அதிலிருந்த காதலின் மேல் படிந்தது. ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் அச்சொல்லுக்கு 'நடவாத கற்பனை' என்ற இளக்காரமான பொருளும் இருந்தது. இருவரிடையே அரும்பும் காதலையே ரொமான்ஸ் என்று வழங்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஊன்றியது. ஆயிரம் ஆண்டு வயதுடைய சொல்லுக்கு, நாம் அறிந்த பொருள் நேற்றுப் பிறந்த கடைக்குட்டியே.

பிரெஞ்சிலும் செருமானியத்திலும் 'ரொமான்' என்றாலும், போர்த்துக்கீசியத்தில் 'ரொமான்ஸ்' என்றாலும் இன்றும் நாவல் என்றே பொருள். தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் கத்தோலிக்க இறைமக்களுள் ஒருவர் என்பது நமக்குப் பெருமை. அந்நாவலைப் படித்தவர் ஒன்றைக் கவனித்திருப்பர். பிரதாபனும் ஞானாம்பாளும் திருமணம் செய்துகொள்வதோடு கதை முடிந்துவிடுவதில்லை. மணமான பிறகே அவர்கள் பிரிகின்றனர், தேடுகின்றனர், துன்புறுகின்றனர். ஆண்வேடம் பூண்ட ஞானாம்பாள் ஒரு நாட்டையே ஆளுகின்றாள். இன்றைய திரைப்படம் எந்த இடத்தில் 'வணக்கம்' போடுகின்றதோ, அந்த இடத்தைத் தாண்டித்தான் தமிழின் முதல் நாவல் காதலைக் கண்டது.

கரைக்கு வந்த மொழி

இத்தாலியம், பிரெஞ்சு, எசுப்பானியம், போர்த்துக்கீசியம் முதலிய இலத்தீனின் புதல்வியரை மொழியறிஞர் இன்றும் 'ரொமான்ஸ் மொழிகள்' என்றே குறிக்கின்றனர். அப்புதல்வியருள் ஒருத்தி 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தாள். நம் ஊரில் பர்னாந்து, கோமஸ், கொரேரா, மோத்தா, ரோச் என்று வீட்டுக்கு வீடு வழங்கும் குடும்பப் பெயர்கள் அவள் விட்டுச் சென்றவையே.

பெயர்களை மட்டும் அவள் தரவில்லை. சன்னல், சாவி, அலமாரி, மேசை, பீப்பாய், துவாலை என்று நம் வீட்டுக்குள் நாள்தோறும் புழங்கும் சொற்கள் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. முத்துச்சிப்பிகளைக் குவித்து வைத்து விலைகூறிய 'ஏலம்' அவளுடையது. நாம் முத்தமிடும் 'குருசு' அவளுடையது. இத்தனை சொற்களைத் தந்தவளிடம், அன்புக்கென்று ஒரு சொல்லையும் நம் முன்னோர் கடன் வாங்கவில்லை. காரணம் தெளிவு. கடன் வாங்குமளவு அங்கே நமக்கு வறுமை இருந்ததில்லை. கொற்கை முத்தைப் பாடிய சங்கப் புலவர்களே, கடற்கரை நிலத்துக்கு நெய்தல் என்று பெயரிட்டு, கடலுக்குச் சென்றவனை எண்ணி ஏங்கும் பெண்ணின் இரங்கலை அந்நிலத்துக்கு உரிய பொருளாகவும் வைத்துச் சென்றுள்ளனர்.

'காதல்' என்னும் சொல்கூட அந்நாளில் ஆண் பெண் ஈர்ப்போடு நின்றதில்லை. பெற்ற மகனையும் 'காதலன்' என்று அழைத்த மொழி நம்முடையது. நம் பாட்டிமார் நாள்தோறும் சொல்லிவந்த 'தேவசிநேக மந்திரம்' நினைவிருக்கும். 'சிநேகம்' என்னும் வடசொல்லுக்கு எண்ணெய், பிசுபிசுப்பு என்பது பழம்பொருள். ஒட்டினால் எளிதில் விடாதது என்ற கருத்தினின்றுதான் அன்பு என்ற பொருள் அதற்கு வந்தது. இறைவனிடம் வைக்கும் அன்புக்கு, ஒட்டிக்கொள்வது என்ற பொருளுடைய சொல்லை நம் முன்னோர் ஏற்றுக்கொண்டது எண்ணி மகிழத்தக்கது.

கடலுக்கு அப்பால், சிங்கள மொழியில் திருமணத்தைக் குறிக்கும் 'கசாத' என்னும் சொல் போர்த்துக்கீசிய வழி வந்தது. அதன் மூலச்சொல்லோ, வீட்டைக் குறிக்கும் 'காசா' என்பதனோடு உறவுடையது. மணம் செய்தல் என்றால் வீடு அமைத்தல் என்று அம்மொழி கருதியது. தமிழும் அவ்வாறே கருதியிருக்கின்றது. மனையிலிருந்து மனைவி வந்தாள். இல்லத்திலிருந்து இல்லறம் வந்தது. உரோமையின் பேச்சும் பொருநைக் கரையின் பேச்சும் ஒன்றையொன்று அறியாமலே இவ்விடத்தில் ஒரே எண்ணத்தை எண்ணியிருக்கின்றன.

காயமுற்ற வீரன் கேட்ட நூல்

இனி, ரொமான்ஸ் என்ற சொல்லுக்கும் நம் கரையின் விசுவாசத்துக்கும் உள்ள உறவைக் காண்போம். 1521ஆம் ஆண்டு மே மாதம், பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, லொயோலாவிலிருந்த தம் வீட்டுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார் ஒரு வீரர். படுக்கையில் பொழுது போகவில்லை. வீரர்களின் காதலும் சாகசமும் நிறைந்த கதைநூல்களைக் கொண்டுவருமாறு கேட்டார். அவர் கேட்டது ரொமான்ஸ் நூல்களையே. அவ்வீட்டில் அவ்வகை நூல் ஒன்றுகூட இல்லை. கிறிஸ்துவின் வாழ்வைக் கூறும் நூலையும், புனிதர் வரலாற்று நூலையும் கொண்டுவந்து கொடுத்தனர். அவ்வீரரே புனித இஞ்ஞாசியார். பிற்காலத்தில் அவர் சொல்லக் கேட்டு எழுதப்பட்ட தன்வரலாறு, அப்புனிதர் வரலாறு 'ரொமான்ஸில்' இருந்தது என்று குறிக்கின்றது. அங்கே அச்சொல்லுக்குப் பழைய பொருள். மக்களின் மொழியில் எழுதப்பட்டது என்று பொருள். ஒரு ரொமான்ஸைக் கேட்டவருக்கு இன்னொரு ரொமான்ஸ் கிடைத்தது.

படுத்திருந்த நாள்களில் அவர் ஒரு சீமாட்டியை எண்ணி, அவளுக்காக என்னென்ன செய்யலாம் என்று மணிக்கணக்கில் கனவு கண்டதுண்டு. புனிதர்களைப் போலத் தாமும் நடந்தால் என்ன என்று எண்ணியதும் உண்டு. இரண்டுமே எண்ணும்போது இனித்தன. ஆனால் முதலாவது கனவு கலைந்த பின் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது எண்ணம் அகன்ற பின்னும் மகிழ்ச்சி நிலைத்து நின்றது. இவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டதுதான் அவர் உலகுக்குத் தந்த ஞானத்தின் தொடக்கம். எண்ணும்போது இனிப்பதா என்று கேட்பது போதாது. எண்ணி முடித்த பின் எது எஞ்சுகின்றது என்றும் கேட்கவேண்டும். தியானத்துக்கு மட்டுமன்று, காதலுக்கும் இதைவிட நல்ல உரைகல் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த இஞ்ஞாசியாரின் தோழர் புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் நம் கரைக்கு வந்தார். அவர்தம் சபையைச் சேர்ந்த ஹென்றிக் ஹென்றிகஸ் அடிகளார் 1547 முதல் 1600இல் இறக்கும்வரை நம்மோடு வாழ்ந்து, நம் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே எழுதினார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' அவருடையது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அது அச்சேறியது. பின்னர் 1586இல், புனிதர்களின் வரலாற்றைத் தமிழில் 'அடியார் வரலாறு' என்று அவர் அச்சிட்டளித்தார். 'புளோஸ் சாங்தோரும்' என்று வழங்கிய புனிதர் வரலாற்று நூல் மரபைச் சேர்ந்தது அது. இஞ்ஞாசியாரின் கையில் கொடுக்கப்பட்ட நூலும் அம்மரபைச் சேர்ந்ததே. காதற்கதை கிடைக்காத வீட்டில் ஒரு வீரரின் உள்ளத்தைத் திருப்பிய நூல்வகை, 65 ஆண்டுகளுக்குப் பின் நம் மக்களின் மொழியில், நம் மக்களின் கையில் வந்து சேர்ந்தது. மக்களின் மொழியில் எழுதிய கதை என்பதே ரொமான்ஸின் பொருளாயின், முத்துக்குளித்துறையின் முதல் அச்சு ரொமான்ஸ் அதுவே என்று சொல்லத் தோன்றுகின்றது.

வேணும் என்பதும் விசுவாசம் என்பதும்

சவேரியார் காலத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. சிறிதுதான், ஆயினும் அதை நாங்கள் வகுப்பில் கூறாமல் விட்டதில்லை. இருமொழி அறிந்தோரைக் கூட்டி வைத்துக்கொண்டு, மிகுந்த உழைப்போடு செபங்களைத் தமிழாக்கினார் அவர். கையில் மணியை ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று அவற்றைக் கற்பித்தார். விசுவாச அறிக்கையில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில், 'எனக்கு வேணும்' என்று மொழிபெயர்ப்பில் அமைந்துவிட்டது. பின்னர் அதை அறிந்த சவேரியார், 1544 வாக்கில் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய மடலில், 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிப்பது, ஆகவே 'விசுவாசம்' என்ற சொல்லையே கற்பிக்கவேண்டும் என்று திருத்திச் சொன்னார்.

இரண்டு சொற்கள். ஒன்று 'எனக்கு வேணும்'. மற்றொன்று 'விசுவசிக்கிறேன்'. முதலாவது என்னை நோக்கி இழுப்பது. இரண்டாவது என்னை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது. கடவுள் முன் மட்டுமன்று, கணவன் மனைவி முன்னும் இவ்விரு சொற்களுக்கிடையே உள்ள தொலைவைக் கடப்பதுதான் வாழ்க்கை.

'வேணும்' என்பதைப் பழிக்க நாங்கள் வரவில்லை. விருப்பமும் ஈர்ப்பும் படைத்தவரின் கொடையே. திருவிவிலியத்தில் இனிமைமிகு பாடல் என்றொரு நூல் இருப்பதை மறந்துவிட்டு, இளையோரின் உள்ளத்தை அடக்கி வைப்பதே பக்தி என்று எண்ணும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அதுவும் சரியன்று. ஆனால் திருமண நாளில் பீடத்தின் முன் நின்று நாம் உச்சரிக்கும் சொல் 'வேணும்' அன்று, 'பிரமாணிக்கம்'. நலத்திலும் நோயிலும், இன்பத்திலும் துன்பத்திலும் பிரமாணிக்கமாயிருப்பேன் என்றே வாக்களிக்கின்றோம். ஆங்கிலேயரும் இதை அறியாதவர் அல்லர். அவர்களுடைய பழைய திருமண வாக்கில் 'ட்ரோத்' என்றொரு சொல் வரும். அது உண்மையைக் குறிக்கும் 'ட்ரூத்' என்ற சொல்லின் உடன்பிறப்பு. ரொமான்ஸ் என்ற சொல்லை நமக்குக் கொண்டுவந்து கொடுத்த அதே மொழி, மணவாக்கைச் சொல்லும்போது மட்டும் உண்மை என்ற சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டது.

ஓர் இளம்பெண்ணின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்த பின், ஒரு பெண் மட்டும் தயங்கி நின்றாள். படித்த பெண். மாப்பிள்ளை கப்பலுக்குப் போகிறவர். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தனர். அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்கவேண்டும்.

"டீச்சர், அவங்க நல்லவங்கதான். குறை ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா எனக்குள்ளே ரொமான்ஸ்னு ஒண்ணும் வரலையே. வராமலே கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டாள்.

'எல்லாம் போகப் போக வரும், போம்மா' என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விடை அது. பலருக்கு அது பலித்தும் இருக்கின்றது. ஆனால் பலிக்காதவர் வாய்திறந்து சொன்னதில்லை; அவர்களுடைய மௌனத்தைச் சம்மதம் என்று நாம் கணக்கெழுதி வைத்துக்கொண்டோம். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே என்றும், அச்சம்மதத்தை அவர்களுக்காக வேறெந்த மனித அதிகாரமும் கொடுக்கமுடியாது என்றும் திருச்சபைச் சட்டம் கூறுகின்றது. தாயும் தந்தையும்கூட அதைக் கொடுக்கமுடியாது. ஓலையை ஞாயிறுதோறும் மூன்று முறை வாசிப்பது ஊராருக்கு அறிவிக்க மட்டுமன்று. மணமக்கள் எண்ணிப் பார்க்கவும் அது இடம் தருகின்றது.

ஆகவே அவளிடம் நாங்கள் கேட்டவை இரண்டே கேள்விகள். "திரையில் பார்த்த படபடப்பு வரவில்லை என்பது உன் குறையா? அல்லது, இந்த மனிதரை எண்ணும்போது உள்ளே அச்சமோ வெறுப்போ இருக்கின்றதா?" என்பது முதற்கேள்வி. அச்சமோ வெறுப்போ இருந்தால், பந்தலிட்ட பிறகும் 'வேண்டாம்' என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்றும், அவள் பக்கம் நாங்கள் வந்து நிற்போம் என்றும் சொன்னோம். "அவரோடு பேசி முடித்த பின், உன் மனத்தில் எது எஞ்சுகின்றது?" என்பது இரண்டாவது. அது இஞ்ஞாசியார் கேள்வி. அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அவங்களோட நான் இன்னும் சரியாப் பேசவே இல்லையே டீச்சர்" என்றாள்.

அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்கப்படவில்லை. வீட்டில் கோபமும் கண்ணீரும் இருந்தன. ஊர்ப் பேச்சும் இருந்தது. மாப்பிள்ளையே, "ஒரு பயணம் போய்விட்டு வருகிறேன், அதுவரை பேசிக்கொள்ளட்டும்" என்று சொன்னதால் பெரியவர்கள் அடங்கினர். ஒரு பயணம் கழித்துத்தான் ஓலை வாசித்தனர். பேச்சுக்கு இடங்கொடாமல் அன்பு வளராது. ரொமான்ஸின் முதற்பொருளே பேச்சு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கயிறு பிடித்தவர்

எங்களுள் ஒருவரின் தந்தை முத்துக்குளித்தவர். 1955 முதல் 1961 வரை நம் கடலில் நடந்த முத்துக்குளிப்புதான் கடைசி. அதன் பின் முத்துப்பார்கள் விளைச்சல் தரவில்லை. அக்காலத்தில் குளிப்பவர் ஒரு கல்லின் கனத்தோடு விரைந்து கீழிறங்குவார். மூச்சடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி பொறுக்குவார். மூச்சு முட்டும்போது கயிற்றை இழுத்து அசைப்பார். மேலே தோணியில் அக்கயிற்றைப் பிடித்திருப்பவர் உடனே இழுத்து மேலேற்றவேண்டும். நொடிப்பொழுது கவனம் பிசகினால் உயிர் போய்விடும்.

அக்கயிற்றை யார் கையில் கொடுப்பது? மச்சான் கையில் என்பது இக்கரையின் வழக்காகச் சொல்லப்படுகின்றது. தன் தங்கையின் தாலி அக்கயிற்றில் தொங்குகின்றது என்று அறிந்தவன் கண்ணயர மாட்டான். எங்கள் தந்தையின் கயிற்றையும் அவருடைய மச்சானே பிடித்தார். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய்விரித்துப் போவார்கள். பிற்பகலில் கடற்காற்றோடு திரும்புவார்கள். எங்கள் தாய் அவ்வளவு நேரமும் வீட்டு வேலையைச் செய்துகொண்டிருப்பார். அழுததாகவோ, கரையில் போய் நின்றதாகவோ அவர் சொன்னதில்லை. கணவர் கடலுக்கு அடியில். அவர் உயிர் அண்ணன் கையில். நடுவில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றை நம்பி உலை வைத்தார். விசுவாசம் என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை எந்த மறைக்கல்வி வகுப்பிலும் நாங்கள் படித்ததில்லை.

நீரழுத்தத்தால் செவி கெடுவது குளிப்பவர்களுக்கு நேரும் கேடு. எங்கள் தந்தைக்கும் முதுமையில் வலச்செவி முற்றிலும் கேட்காது. இடச்செவி சிறிதே கேட்கும். ஆகவே தாய் எப்போதும் அவருக்கு இடப்பக்கமே அமர்வார். கோவிலிலும் அப்படியே, திண்ணையிலும் அப்படியே. ஏதேனும் சொல்லவேண்டுமானால் கூப்பிடமாட்டார். அவர் தோளில் கிடக்கும் துண்டின் நுனியைப் பிடித்து இரண்டு முறை மெல்ல இழுப்பார். தந்தை உடனே திரும்புவார். அந்த இழுப்பு எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளாகிய நாங்கள் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. கடலடியில் இருப்பவர் மேலே இருப்பவரிடம் காட்டும் குறி அது என்பது, தாய் மறைந்த பின், தந்தை தனியே அமர்ந்து தம் துண்டைத் தாமே தடவிக்கொண்டிருந்ததைக் கண்ட நாளில்தான் எங்களுக்கு விளங்கியது.

'ரொமான்ஸ்' என்ற சொல்லை அவ்விருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். காதல் என்ற சொல்லையும் வீட்டில் உச்சரித்ததில்லை. ஆயினும் அவர்களுக்கென்று ஒரு மொழி இருந்தது. ஏட்டில் இல்லாத மொழி. இரண்டே பேர் பேசிய மொழி. கற்றோர் மதிக்காத பேச்சுக்கு ஒருகாலத்தில் ரொமான்ஸ் என்று பெயர் இருந்தது என்றால், அவர்கள் பேசியதும் அதுவே.

இளையோரிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான். ஈர்ப்பு வந்தால் அதை இறைவனின் கொடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதுவே முழுமை என்று எண்ணிவிடாதீர்கள். ஈர்ப்பு வரவில்லையென்றால் அஞ்சாதீர்கள். ஆனால் பேசாமல், அறியாமல், மனமில்லாமல் தலைகுனிந்து விடாதீர்கள். பெற்றோரிடம் கேட்டுக்கொள்வதும் ஒன்று உண்டு. பிள்ளைகள் அச்சொல்லைச் சொல்லும்போது சினவாதீர்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் திரைப்படத்தை அன்று. தம்மோடு பேசத்தக்க ஓர் உள்ளத்தை.

நம் ஊரில் ஜூலை 26ஆம் நாள் கொடியேறி, ஆகஸ்டு 5ஆம் நாள் நிறைவுறும் பெருவிழாவை அறியாதவர் இல்லை. பனியே விழாத இக்கரையில் பனிமய அன்னை என்ற பெயர் எப்படி வந்தது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. அப்பெயருக்கு அடியில் உள்ள மரபுக்கதை உரோமை நகரின் கதை. நான்காம் நூற்றாண்டில், லிபேரியுஸ் திருத்தந்தையாயிருந்த காலத்தில், யோவான் என்னும் உரோமைப் பெருங்குடி மகனும் அவர் மனைவியும் வாழ்ந்தனர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம் செல்வத்தை என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்து அன்னையை வேண்டினர். கடுங்கோடையான ஆகஸ்டு மாதத்து இரவில் எஸ்குவிலின் குன்றின் மேல் பனி பொழிந்து, கோவில் எழவேண்டிய இடத்தை அது காட்டியது என்பர்.

பனியைப் பற்றியே நாம் எப்போதும் பேசுகின்றோம். அதற்கு முன் அந்த வீட்டில் இருந்தவற்றையும் எண்ணிப் பார்க்கலாம். தொட்டில் ஆடாத பல ஆண்டுகள். ஒருவரையொருவர் குறைகூறாத இரு உள்ளங்கள். இருவர் சேர்ந்து சொன்ன ஒரே செபம். நம் தாய்க்கோவிலின் பெயர் ஓர் உரோமைத் தம்பதியரின் வீட்டிலிருந்துதான் தொடங்குகின்றது. அச்சொல்லின் பழம்பொருளிலும் புதுப்பொருளிலும், அவர்களே உண்மையான ரொமான்ஸ்.